நாற்பத்திரண்டில் மறுபடி க்ளிப்

பல்லுக்கு ஒருமுறை கம்பி கட்டி நேராக்கிவிட்டால் அந்தக் கணக்கு அதோடு முடிந்தது என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். எனக்கு முதலில் க்ளிப் போட்டது 1997இல், ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்த கையோடு கழற்றினார்கள். இப்போது வயது 42. திருச்சியில் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன், வாய் நிறையக் கம்பியோடு.

கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, “ஏண்டி, கல்யாணம் ஆகிப் பதினாறு வருஷம் ஆச்சு. இனிமே யாருகிட்டடி பல்லைக் காட்டப் போறே?” என்றாள்.

அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. முதல் தடவை போட்டது முழுக்க முழுக்க அதற்குத்தான். எனக்கு எத்துப்பல். மேல் முன்பற்கள் உதட்டைத் தள்ளிக்கொண்டு நிற்கும். ஒரு கோரைப்பல் வரிசைக்கு மேலே ஈறைக் கிழித்துக்கொண்டு முளைத்திருந்தது. தெத்துப்பல் அதிர்ஷ்டம், கை வைக்காதீர்கள் என்று பாட்டி மட்டும் சொல்லிப் பார்த்தார். அத்தைகள் விடவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் அதிர்ஷ்டத்தையா பார்ப்பார்கள்? மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை தஞ்சாவூருக்கு பஸ். அப்பா கூட வருவார், காத்திருக்கும் நேரத்தில் தினசரியில் வரி விளம்பரத்தைக்கூட விடாமல் படிப்பார். முதலில் கோரைப்பல்லுக்கும் பெரிய கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில் இருக்கும் சின்னக் கடைவாய்ப் பற்களில் மேலே இரண்டு, கீழே இரண்டு பிடுங்கினார்கள். தாடையில் இடம் குறைவு, பல் பெரிசு, இடம் பண்ணினால்தான் மற்றவை உள்ளே போகும் என்று டாக்டர் அப்பாவுக்குக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். எனக்கு யாரும் எதையும் காட்டவில்லை. பதினான்கு வயதுப் பெண்ணிடம் கேட்க என்ன இருக்கிறது.

கழற்றிய பிறகு ஒரு தட்டு கொடுத்தார்கள். ரோஸ் நிறத்தில், அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற மாதிரி. முன்பற்களைச் சுற்றி ஒரு கம்பி. சார்லஸ் ஹாலே என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்த ரிடெய்னர் அது. அவர் பெயரிலேயே இன்றைக்கும் உலகம் முழுக்க செய்கிறார்கள். ஒரு வருஷம் போடு, முதல் ஆறு மாதம் நாள் முழுக்க, பிறகு ராத்திரி மட்டும் என்றார்கள். போட்டேன். ஒரு வருஷம் முடிந்து போய்க் காட்டியதும், போதும்மா, இனிமேல் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் நிறைய இடங்களில் வழக்கம் அதுதான்.

கல்லூரி முழுக்க ஒன்றும் தெரியவில்லை. கல்யாண ஆல்பத்தில்கூட நேராகத்தான் இருக்கிறது. முப்பதுக்கு மேல்தான் கீழ் முன்பற்கள் நான்கும் ஒன்றையொன்று இடிக்க ஆரம்பித்தன. ஒன்று நாக்குப் பக்கம் சாய்ந்தது, அடுத்தது அதன் மேல் தோளைச் சாத்திக்கொண்டது. கண்ணாடியில் பார்க்கும் எனக்குத் தெரிந்ததே தவிர வேறு யாரும் கவனிக்கவில்லை. கவனித்தது க்ளீனிங்குக்குப் போன இடத்தில் இருந்த டாக்டர். “இந்த இடுக்குல பிரஷ் போகவே இல்ல மேடம். பின்னாடி காறை கல்லு மாதிரி இறுகியிருக்கு, ஈறு இறங்க ஆரம்பிச்சிருக்கு” என்றார். வெளியே தள்ளிய கீழ்ப்பல் ஒன்று மேல்பல்லில் இடித்து இடித்து மேல்பல் ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்ததையும் அவர்தான் காட்டினார்.

மருத்துவக் காரணத்தோடு மட்டும் நிறுத்திக்கொண்டால் அது பாதி உண்மை. எனக்கு என் வரிசைப் பல் பிடிக்கும். அதைத் திரும்பப் பெறவும் ஆசைப்பட்டேன். அம்மாவிடம் முதலாவதைச் சொன்னேன், இரண்டாவதைச் சொல்லவில்லை.

சரி, நேராக்கிய பல் ஏன் திரும்புகிறது? இதைப் புரிந்துகொள்ள, பல் எப்படி நகர்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பல் எலும்பில் நேரடியாக ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஓர் இடைவெளி. அதில் ஆயிரக்கணக்கான நார்கள். தூளியை நாலாபக்கமும் கயிறு கட்டித் தொங்கவிட்ட மாதிரி அந்த நார்களில்தான் பல் தொங்குகிறது. கம்பி ஒரு பக்கமாக மெதுவாக அழுத்தும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து சேர்கின்றன. இழுபடும் பக்கத்தில் புது எலும்பு போடும் செல்கள் வேலை செய்கின்றன. முன்னால் கரைந்து, பின்னால் வளர்ந்து, பல் தன் குழியையும் கூட்டிக்கொண்டே நகர்கிறது. மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் நல்ல வேகம். அதிகமாக அழுத்தினால் வேகம் கூடாது. ரத்த ஓட்டம் நெரிபட்டு, பல் அங்கேயே நின்றுவிடும், வேருக்கும் கேடு.

கம்பியைக் கழற்றும்போது எலும்பு இன்னும் இளக்கமாகத்தான் இருக்கும். வேரைச் சுற்றிய நார்கள் புதிய இடத்துக்கு ஏற்றபடி அடுக்கிக்கொள்ள மூன்று நான்கு மாதம் ஆகிறது. ஈறுக்குள், பல்லின் கழுத்தைச் சுற்றி இருக்கும் மீள்தன்மையுள்ள நார்கள் அவ்வளவு சீக்கிரம் வழிக்கு வருவதில்லை. அவற்றுக்கு ஒரு வருஷம்கூட ஆகலாம். அதிலும் திருகிய பல்லை நேராக்கியிருந்தால் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். ரிடெய்னர் ஒரு வருஷம் போடச் சொன்னதன் கணக்கு இதுதான். நார் அடங்கிவிட்டால் பல்லும் அடங்கிவிடும் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கை உடைந்த கதை சுவையானது. பல் சீரமைப்பைத் தனித் துறையாக்கியவர் எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கர். பற்கள் கடிக்கும் விதத்தை மூன்று வகையாகப் பிரித்து 1899இல் அவர் எழுதியதை இன்றும் பல் மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். பல் பிடுங்குவது ஆங்கிளுக்கு அறவே ஆகாது. இயற்கை கொடுத்த எல்லாப் பற்களையும் வரிசையில் உட்கார வைக்கலாம், சரியாகக் கடிக்க ஆரம்பித்தால் தாடையே அதற்கேற்ப அமைந்துவிடும், பல்லும் நின்றுவிடும் என்பது அவர் வாதம். 1930இல் அவர் இறந்தார். அரிசோனாவில் மருத்துவம் பார்த்த சார்லஸ் ட்வீட் அவருடைய மாணவர். குரு சொன்னபடியே செய்து வந்தவர். தன்னிடம் சிகிச்சை முடித்தவர்களைச் சில வருஷம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தபோது, பலருக்கும் பல் முன்னால் துருத்திக்கொண்டும் கலைந்தும் கிடந்தது. ட்வீட் அவர்களுக்குச் சின்னக் கடைவாய்ப் பற்கள் நான்கைப் பிடுங்கி, மறுபடியும் கம்பி கட்டினார். அப்படி நூறு பேருடைய பல் அச்சுகளையும் படங்களையும் 1940இல் சக மருத்துவர்கள் முன்னால் பரப்பி வைத்தார். குருவுக்கே துரோகம் என்று திட்டியவர்களும் உண்டு. ஆனாலும் பல் பிடுங்கிச் சீரமைக்கும் முறை அதற்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. தஞ்சாவூரில் என் நான்கு பற்கள் போனதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. இரண்டாவது தடவை க்ளிப் போட்டுக்கொள்வது இந்தத் துறைக்கே புதிதல்ல என்று தெரிந்ததில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

ஆனால் பிடுங்கினாலும் நிற்கவில்லை. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டில் என்பவரும் கூட்டாளிகளும் பல ஆண்டுகள் இதைத் துருவினார்கள். நான்கு பல் பிடுங்கி, ஒழுங்காகச் சிகிச்சை முடித்து, ரிடெய்னரையும் முறையாகப் போட்டு நிறுத்தியவர்களைத் திரும்பக் கூப்பிட்டு அளந்து பார்த்தார்கள். ரிடெய்னர் நிறுத்திப் பத்து வருஷம் கழித்து, கீழ் முன்பற்கள் ஏற்கத்தக்க வரிசையில் இருந்தவர்கள் 30 சதவீதத்துக்கும் குறைவு. 1988இல் வெளிவந்த அடுத்த ஆய்வில், இருபது வருஷக் கணக்கு: 10 சதவீதம். யாருக்கு நிற்கும், யாருக்குக் கலையும் என்று முன்கூட்டியே சொல்ல ஓர் அடையாளமும் கிடைக்கவில்லை. 1988இல் எழுதியாகிவிட்டது. 1999இல் எனக்கு ஒரு வருஷம் போதும் என்றார்கள். செய்தி சியாட்டிலிலிருந்து தஞ்சாவூர் வந்து சேர அத்தனை நாளாகியிருக்கிறது, வேறென்ன.

இன்னொரு விஷயம், இது கம்பி கட்டியவர்களுக்கு மட்டும் வரும் வினை அல்ல. என் கணவர் வாழ்நாளில் க்ளிப் போட்டதில்லை. வரிசையான பல் என்று மாமியாருக்குப் பெருமை. இப்போது அவர் கீழ்ப்பல்லும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. வயது ஏற ஏறக் கீழ்த்தாடையின் பல்வளைவு சுருங்குவதும், பற்கள் மெல்ல முன்னோக்கி வருவதும் எல்லோருக்கும் நடப்பவை. தலை நரைப்பதைப் பார்க்கிறோம், இதைப் பார்ப்பதில்லை.

இதில் பழி முழுக்கச் சுமப்பது ஞானப்பல். முளைக்கும்போது மற்ற பற்களை முன்னால் தள்ளிவிடுகிறது, பிடுங்கிவிட்டால் சரியாகும் என்று என் அலுவலகத்தில் பாதிப் பேர் ஆலோசனை சொன்னார்கள். ஞானப்பல்லே முளைக்காதவர்களுக்கும் கீழ்ப்பல் கலைகிறது. கீழ் முன்பல் நெருக்கத்தைத் தடுப்பதற்காக மட்டும் ஞானப்பல்லைப் பிடுங்குவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் கூட்டம் 1979இலேயே சொல்லிவிட்டது. சொத்தையோ சீழோ இருந்தால் எடுக்க வேண்டியதுதான். அது வேறு வழக்கு.

பெரியவர்களுக்குக் கம்பி கட்டுவது சிறுவர்களுக்குக் கட்டுவதைப் போன்றதல்ல. முதல் வித்தியாசம், எனக்கு உடனே கட்டவில்லை. முதலில் ஈறு. பையனுக்கோ பெண்ணுக்கோ ஈறு வீங்கினால் பெரும்பாலும் பிரஷ் பண்ணினால் அடங்கிவிடும். நாற்பதில் ஈறு நோய் என்றால் அடியில் எலும்பு கரைகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். கரையும் எலும்பில் பல்லை நகர்த்தினால் இருப்பதும் போகும். அதனால் ஸ்கேலிங், ஈறு டாக்டரிடம் ஒரு பார்வை, தாடை முழுக்கத் தெரிகிற எக்ஸ்ரே, பக்கவாட்டில் மண்டையோட்டு எக்ஸ்ரே, இதெல்லாம் முடிந்து ஈறு அடங்கிய பிறகுதான் கம்பி பேச்சு. சர்க்கரை இருக்கிறதா, கட்டுப்பாட்டில் இருக்கிறதா, எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். இந்தக் கேள்வி எதற்கு என்று விழித்தேன். எலும்பு கரைவதைத் தடுக்கும் மாத்திரைகளில் சில, பல் நகர்வதையும் சேர்த்துத் தடுத்துவிடுமாம். எலும்பு கரைந்தால்தானே பல் நகரும்.

வேர் இன்னொரு கவலை. கம்பி கட்டும்போது வேர் நுனி சற்றுக் கரைவது சகஜம். பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விடக்கூடிய அளவு. ஆனால் நான் ஏற்கெனவே ஒரு ரவுண்டு முடித்தவள். முதல் தடவையில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று எக்ஸ்ரேயில் ஒவ்வொரு பல்லாக அளந்து பார்த்துவிட்டுத்தான், கட்டலாம் என்றார். ஒருவேளை வேர்கள் குட்டையாகியிருந்தால், இந்த நெருக்கத்தோடே வாழப் பழகுங்கள் என்று சொல்லியிருப்பாராம். ரூட் கனால் செய்த பல் நகரும், பயமில்லை. எலும்போடு இணைந்துவிட்ட இம்ப்ளான்ட் நகரவே நகராது. அது இருக்கிற இடத்தை வைத்துத்தான் மற்றவற்றுக்குத் திட்டம் போட வேண்டும்.

இந்த முறை பல் எதுவும் பிடுங்கவில்லை. பிடுங்க மிச்சமும் இல்லை. கீழ் முன்பற்களின் பக்கவாட்டில், மெல்லிய உரசு பட்டையை விட்டு எனாமலைக் கொஞ்சம் தேய்த்தார். ஒரு பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர் போல. பல்லுக்குப் பல் அப்படிச் சேர்ந்தால் ஓரிரு மில்லிமீட்டர் இடம் வந்துவிடுகிறது. சத்தம்தான் உடம்பைக் கூச வைக்கிறது, வலி இல்லை. டாக்டர் முன்னாலேயே எச்சரித்த ஒன்று: நெருக்கிக் கிடந்த பல்லைப் பிரித்து நேராக நிறுத்தும்போது, ஈறு இறங்கியவர்களுக்குப் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் அடிப்பக்கம் கறுப்பாக ஒரு முக்கோணச் சந்து தெரியும். எனக்கும் ஒன்று தெரிகிறது. சின்னதுதான்.

என்ன க்ளிப் போடுவது? எஃகு க்ளிப்தான் விலை குறைவு, எதற்கும் அசையாது. பல் நிறத்திலேயே வரும் செராமிக் அதைவிடக் கூட. பல்லின் பின்பக்கம் ஒட்டுவது இன்னும் கூட, நாக்குக்குச் சோதனை. அப்புறம் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறைகள், அலைனர் என்கிறார்கள். அதன் கதை என் கதைக்குப் பக்கத்து வீடு. அமெரிக்காவில் ஜியா சிஷ்டி என்பவர் பெரியவரான பிறகு க்ளிப் போட்டு, கழற்றி, ரிடெய்னர் போட்டுக்கொண்டிருந்தார். சில நாள் போடாமல் விட்டால் பல் நகர்வதையும், திரும்பப் போட்டால் அந்தத் தட்டே பல்லைப் பழைய இடத்துக்குத் தள்ளுவதையும் கவனித்தார். ஒரு தட்டு இவ்வளவு தள்ளுமானால், கொஞ்சம் கொஞ்சமாக மாறும் தட்டுகளை வரிசையாகப் போட்டால்? 1997இல் கெல்சி வர்த் என்பவரோடு சேர்ந்து நிறுவனம் தொடங்கினார். இன்விசலைன் பிறந்தது. எனக்கு முதல் க்ளிப் போட்ட அதே வருஷம்.

அலைனரைத் தினம் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். தண்ணீர் தவிர எது வாயில் போனாலும் கழற்றணும், பல் துலக்கி மறுபடி மாட்டணும். கும்பகோணத்துக்காரி, காபி நாளைக்கு மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் வங்கி வாஷ்பேசினில் நின்று உறையைக் கழுவிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. விலையும் லட்சத்தைத் தாண்டியது. விலகிக்கொண்டேன். ஒரு விஷயம் மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: டாக்டர் வாயைப் பார்க்காமல், எக்ஸ்ரே எடுக்காமல், வீட்டிலேயே அச்செடுத்து அனுப்பினால் தபாலில் அலைனர் வரும் என்று விற்கிறார்கள். அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் செய்த ஸ்மைல் டைரக்ட் க்ளப் 2023 டிசம்பரில் திடீரென்று கடையைக் கட்டியபோது, பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் அடுத்து எங்கே போவதென்று தெரியாமல் நின்றார்கள். ஈறுக்கு அடியில் எலும்பு எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் நாற்பது வயதுப் பல்லை நகர்த்துவதை நான் சேமிப்புக் கணக்கில் எழுத மாட்டேன்.

எனக்கு மேலே செராமிக், கீழே எஃகு. அழகுக்காக இரண்டும் செராமிக்காகவே போடலாமே என்று கேட்டேன். செராமிக் எனாமலைவிடக் கடினம். கீழ் க்ளிப்பில் மேல்பல் இடித்துக்கொண்டே இருந்தால் தேய்வது க்ளிப் அல்ல, பல்.

கம்பி விஷயத்தில் 1997க்கும் இன்றைக்கும் பெரிய மாற்றத்தைப் பார்க்கிறேன். அன்றைக்கு எஃகுக் கம்பியை வளைத்து, முறுக்கிக் கட்டிவிடுவார்கள். முதல் நாலு நாள் கஞ்சிதான். இப்போது தொடக்கத்தில் போடுவது நிக்கல் டைட்டானியக் கலவை. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர் உருவாக்கிய உலோகம் அது. எப்படி வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். 1970களில் அயோவாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் அதைப் பல்லுக்குக் கொண்டுவந்தார். வாய்ச் சூட்டில் வேலை செய்யும் ரகங்கள் பிறகு வந்தன. கோணல் பல்லுக்கு ஏற்ப வளைத்துக் கட்டிவிட்டால் போதும், தானே நிமிர முயன்று பல்லையும் கூட்டிக்கொண்டு நிமிர்கிறது. மெல்லிய, ஒரே சீரான இழுப்பு. வலித்தால் ஐஸ் தண்ணீர் குடித்தால் கம்பி சற்றுத் தளர்ந்து வலி மட்டுப்படுகிறது. தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால். இப்யூப்ரூஃபன் வகை வேண்டாம் என்றார் டாக்டர், பல் நகரத் தேவையான அழற்சியை அது அடக்கிவிடக்கூடும் என்பதால்.

வலியைவிட சாப்பாடுதான் பெரிய பாடு. முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், கரும்பு, கொய்யா எல்லாம் மூடிய கணக்கு. மாம்பழத்தைக் கத்தியால் நறுக்கித் தின்பது எனக்குக் கேவலமாகத் தோன்றும். இப்போது அப்படித்தான் தின்கிறேன். முருங்கைக்கீரை சாப்பிட்டுவிட்டுச் சிரித்தால் தோட்டமே தெரியும். செராமிக் க்ளிப்பில் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் குட்டி ரப்பர் வளையங்கள் கண்ணாடி நிறத்தில் இருந்தால் இரண்டு நாள் சாம்பாரில் மஞ்சளாகிவிடும். மஞ்சள்தூள் போடும் நாட்டில் இதற்குக் கேட்லாக்கில் ஒரு எச்சரிக்கை வேண்டாமா? சாம்பல் நிறத்துக்கு மாறிய பிறகு நிம்மதி. கைப்பையில் இடுக்கு பிரஷ், கம்பி குத்தும் இடத்தில் ஒட்டிக்கொள்ள மெழுகு, சின்னக் கண்ணாடி.

மற்றவர்களின் பார்வை நான் பயந்த அளவுக்கு இல்லை. க்ளினிக்கில் முதல் நாள் வரவேற்பில் இருந்த பெண், “பாப்பா பேரு சொல்லுங்கம்மா” என்றாள். என் பெயரைச் சொன்னேன். காத்திருப்பு அறையில் பதினாறு வயதுப் பையன்கள் என்னை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை, எல்லோரும் போனுக்குள் இருக்கிறார்கள். நகைக்கடன் வாங்க வந்த பெரியவர் ஒருவர்தான் உண்மையாகவே பதறிப் போனார். “ஏம்மா, கீழ விழுந்துட்டியா? தாடையில அடியா?” அவருடைய மகனுக்கு விபத்தில் தாடை உடைந்து, வாயை மூடிக் கம்பி கட்டி வைத்திருந்தார்களாம். அவரைப் பொறுத்தவரை வாயில் கம்பி என்றால் அதுதான். நேராக்குவதற்கு என்று விளக்கினேன். ரசீதை வாங்கிக்கொண்டு, “நல்லாத்தானே இருந்துச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

யாரிடம் போவது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பி.டி.எஸ். முடித்த பிறகு, பல் சீரமைப்பில் மூன்று வருஷம் எம்.டி.எஸ். படித்தவரா என்று பலகையில் பாருங்கள். பெரியவர்களுக்கு, அதுவும் இரண்டாவது தடவை என்றால், இது கட்டாயம். காசு தட்டுப்பாடு என்றால் பல் மருத்துவக் கல்லூரிகளின் பட்டமேற்படிப்புத் துறைகளில் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்கிறார்கள், வெளியைவிடக் குறைந்த செலவில். சென்னையில் 1953இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கெல்லாம் காத்திருக்க நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

கழற்றிய பிறகு என்ன என்பதை இந்த முறை கட்டுவதற்கு முன்பே கேட்டேன். கோரைப்பற்களையும் சேர்த்துக் கீழ் முன்பற்கள் ஆறின் பின்பக்கமும் பின்னிய மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டிவிடுவார்கள். அது அங்கேயே இருக்கும். அதன் இடுக்கில் காறை படியும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை க்ளீனிங். மேல்பல்லுக்குக் கண்ணாடி மாதிரி தெளிவான ரிடெய்னர், ராத்திரி மட்டும். எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டேன். “பல் இருக்கிற வரைக்கும் மேடம்” என்றார். செலவு எழுதிய தாளில் ரிடெய்னருக்குத் தனி வரி போட்டு, தேய்ந்தால் அல்லது உடைந்தால் புதிதாகச் செய்யும் செலவு கீழே எழுதியிருந்தது. கடன் பிரிவில் இருப்பவளுக்கு இப்படித் தொடர்செலவை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பவர்கள் மேல் ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

கொதிநீரில் போட்டால் ரிடெய்னர் நெளிந்துவிடும், நாய்க்கு அந்த வாசனை பிடிக்கும், மூக்குக் கண்ணாடிக்கு மாதிரி அதற்கும் டப்பா இல்லாமல் எங்கும் போகாதீர்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்த டாக்டர், தன் நோயாளிகள் ரிடெய்னரைத் தொலைப்பது பெரும்பாலும் எங்கே தெரியுமா என்று கேட்டார். கல்யாணப் பந்தியில். வெளியூர்க் கல்யாணத்தில் தூங்கி எழுந்து அதோடே டிபனுக்கு வந்துவிடுவார்கள். உட்கார்ந்ததும் கழற்றிக் காகிதக் கைக்குட்டையில் சுற்றி இலை ஓரம் வைப்பார்கள். சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போவதற்குள் இலை எடுப்பவர்கள் இலையோடு சேர்த்துச் சுருட்டி எடுத்துப் போய்விடுவார்களாம். ஒரு பெண் மண்டபத்தின் பின்கட்டில் எச்சில் இலைக் கூடையைக் கொட்டித் தேடி எடுத்து வந்து, கழுவிப் போட்டுக்கொள்ளலாமா டாக்டர் என்று கேட்டாளாம். புதிசு செய்துகொள்ளம்மா என்றாராம்.